அம்மிச்சி சுமந்த கல்

திருப்பூர், பல்லடம், சூலூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு ஆகாய விமானச் சத்தம் ஒன்றும் புதிதில்லை. மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருப்போம். தலைக்கு மேல் இடி உருள்வது போல் ஒரு சத்தம் போகும். சின்னக் குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக் கை தட்டும். நாம் "சூலூர்ல இருந்து கிளம்பிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டி மாவை எடுப்போம். அவ்வளவுதான் நமக்கும் அந்த விமானத்துக்கும் உள்ள சம்பந்தம் என்று பல பேர் நினைக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுக் கிழவிகளைக் கேட்டால் வேறு கதை வரும்.

என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சிக்குச் சூலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விமானம் போகும்போதெல்லாம் கையிலிருக்கும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நெற்றிக்குக் கை கொடுத்துப் பார்ப்பார். "நானும் எங்காயாளும் தூக்கிப் போட்ட கல்லு மேலதான் கண்ணு இது ஏறிப் போகுது" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் பேரப்பிள்ளைகள் எல்லாம் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். 1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதம் ரங்கூன் போயிற்று. ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. அடுத்த நாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். ஏப்ரல் 9-ம் தேதி திரிகோணமலை. சென்னைப் பட்டணத்தில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறி ஊர்ப்பக்கம் ஓடினார்கள். அதுவரை வடக்கேயும் மேற்கேயும் மட்டுமே எதிரியை எதிர்பார்த்திருந்த வெள்ளைக்கார சர்க்கார், கிழக்கேயும் தெற்கேயும் அவசர அவசரமாக விமானத் தளங்கள் போட ஆரம்பித்தது. நாடு முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் திட்டம். நம் தமிழ்நாட்டில் மட்டும் சூலூர், சோழவரம், தாம்பரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று வரிசையாகச் சொல்லலாம்.

இன்றைக்குப் போல் பெரிய பெரிய இயந்திரங்கள் அப்போது நம் ஊர்ப்பக்கம் ஏது? கல்லை உடைத்ததும் கை, சுமந்ததும் தலை. வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். சும்மாடு கட்டிய தலையில் ஜல்லிக் கூடை, இடுப்பில் குழந்தை, இல்லாவிட்டால் மர நிழலில் தூளி. அம்மிச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது. தன் அம்மாவோடு விடியற்காலம் களியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு நடந்தே போவாராம். கூலி நாலணா. "அந்த நாலணாவுக்கும் கடையில சாமான் கிடைக்காது" என்பார். அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. துணி இன்னும் மோசம். 1943-ல் துணிக்கும் நூலுக்கும் கன்ட்ரோல் சட்டமே வந்துவிட்டது. நெசவும் நூலும் பிழைப்பாக இருக்கிற நம் சீமையிலேயே ஒரு சேலையை அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிக் கட்டிய காலம் அது. இன்றைக்கு வெளிநாட்டுக் கப்பலுக்கு டன் டன்னாகப் பனியன் அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

இன்னொரு சங்கதியும் அம்மிச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார். 1942 ஆகஸ்டில் காந்தி "வெள்ளையனே வெளியேறு" என்றாரல்லவா? அந்த மாதக் கடைசியில் ஒரு ராத்திரி, சூலூர் விமானத் தளத்தில் நின்றிருந்த லாரிகளுக்கும் கொட்டகைகளுக்கும் சுற்று வட்டாரத்து இளைஞர்கள் தீ வைத்துவிட்டார்கள். வானம் சிவந்திருந்ததை ஊரே பார்த்ததாம். மறுநாள் முதல் போலீஸ் கிராமம் கிராமமாகப் புகுந்தது. கண்ணம்பாளையம் போன்ற ஊர்களில் ஆம்பிளைகள் அடியும் உதையும் பட்டு ஜெயிலுக்குப் போனார்கள். பெண்கள் அடுப்பு மூட்டப் பயந்து வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். ஆனால் பாருங்கள், கொஞ்ச நாள் கழிந்ததும் அதே பெண்கள் அதே இடத்துக்குக் கூடை தூக்கப் போக வேண்டியிருந்தது. ஜெயிலில் ஆம்பிளை, வீட்டில் பசி. "எரிச்சதும் எங்க ஊருதான், கட்டுனதும் எங்க ஊருதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் அம்மிச்சி. எந்தச் சரித்திரப் புத்தகமும் எனக்கு இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்தைச் சொல்லவில்லை.

சூலூர்த் தளம் அதற்கப்புறம் பிரிட்டிஷ் கடற்படையிடம் போயிற்று. அவர்களுக்குத் தங்கள் விமானத் தளங்களுக்குப் பறவைகளின் பெயர் வைப்பது வழக்கம். இங்கே வந்ததும் நம் ஊர்ப் பறவைப் பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அழகு. சூலூருக்கு வைத்த பெயர் 'வைரி'. கோயமுத்தூர் பீளமேட்டுக்குக் 'கருடா'. தாம்பரத்துக்கு 'வல்லூறு'. கொச்சிக்குக் 'கழுகு'. வைரி என்பது கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிற பறவை என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார் தொப்பியைச் சரி செய்துகொண்டு 'வைரி' என்று வாய் நிறையச் சொல்லியிருப்பார்களே என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். சுதந்திரம் வந்த பிறகும் இந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. நம் கடற்படை 1992-ல் அரக்கோணத்துத் தளத்துக்கு 'ராஜாளி' என்றும், 2009-ல் ராமநாதபுரம் உச்சிப்புளித் தளத்துக்குப் 'பருந்து' என்றும் பெயர் வைத்திருக்கிறது.

யுத்தம் 1945 ஆகஸ்டில் முடிந்தது. மறுவருஷமே 'வைரி'யும் 'கருடா'வும் பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டன. சூலூருக்கு அதிர்ஷ்டம்; நம் விமானப் படை எடுத்துக்கொண்டது. 2020 மே மாதம் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் விமானங்களின் ஒரு படைப்பிரிவை அங்கேதான் தொடங்கி வைத்தார்கள். அம்மிச்சி சுமந்த கல் வீண் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ராணுவ இடம், மதில், முள்கம்பி, காவல். அம்மிச்சி 84 வயது வரை இருந்தார். தான் போட்ட ஓடுதளத்தின் மேல் ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. அது கடைசி வரை நடக்கவில்லை.

அந்த ஆசையின் மிச்சம்தான் என்னைக் கயத்தாற்றில் இறங்க வைத்தது.

2025 பொங்கல் லீவில் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பினோம். பனியன் கம்பெனிகள் மூடியிருக்கும் அந்த நாலைந்து நாள்தான் எங்கள் ஊரில் குடும்பம் குடும்பமாகக் கோயில் குளம் போகும் காலம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று போய், கோவில்பட்டி தாண்டினால் திருநெல்வேலிக்கு முன்னால் வருவது கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ம் தேதி வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர். அங்கே நிற்கும் கட்டபொம்மன் சிலை, அந்த வேஷத்தில் நடித்த சிவாஜி கணேசன் தம் செலவில் வைத்தது. சிலைக்கு முன்னால் எல்லோரும் இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "இங்கேதான் யுத்த காலத்து ஏரோட்ரோம் ஒன்று கைவிட்டுக் கிடக்கிறதாம், பார்த்துவிட்டுப் போகலாமுங்களா?" என்று இவரிடம் கேட்டேன். "கோயிலுக்கு நேரமாகுது" என்றார். என் மகள், காலேஜில் படிப்பவள், "அரை மணி நேரம்ப்பா" என்றாள். மகள் கேட்டால் அப்பா மறுப்பாரா?

வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் கரிசல் மண். பருத்தியும் சோளமும் கண்ணுக்கெட்டிய தூரம். அதற்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள். அந்த வட்டாரத்தில் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கிற மத்திய சர்க்காரின் நிலையமே இருக்கிறது. எங்கள் திருப்பூர்க் கம்பெனிக்காரர்களும் மின்சாரத்துக்காக வெளியூர்களில் காற்றாலை போட்டிருப்பதால், காற்றாலையைப் பார்த்தாலே இவருக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. தை மாதம் ஆகையால் ஏதோ போனால் போகிறதென்று மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஓடுதளத்தை நாங்கள் முதலில் கண்டுபிடிக்கவே இல்லை. நின்றுகொண்டிருந்ததே அதன் மேல்தான்! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, "என்ன தாயி தேடுதிய?" என்றார். சொன்னதும், "நீங்க நிக்கதுதான் அது" என்று காலடியைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். கரிசல் மண்ணுக்கு நடுவே இறுகிப் போன தளம் நீளமாக ஓடுகிறது. வெடிப்புக்கு வெடிப்பு புல். இரண்டு பக்கமும் வேலிக்கருவை நெருக்கி வந்துவிட்டது. நடுவில் ஆட்டுப் புழுக்கை, ஆவாரம்பூ, எருக்கு. இதன் மேல் யுத்த விமானம் ஓடியது என்று சொன்னால்தான் தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகச் சுத்தமாக இருந்த ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சூடேறியிருந்தது. விரலுக்கு ஜல்லி தட்டுப்பட்டது. ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. சுத்தியலால் உட்கார்ந்து உடைத்த கல். ஓடுதளம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதில் எத்தனை லட்சம் கல்! ஒவ்வொரு கல்லும் ஒரு பெண்ணின் கழுத்தின் மேல் வந்து சேர்ந்தது. அம்மிச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் கழுத்தைத் திருப்ப முடியாது. கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். வளர்கிற வயதில் தலைச்சுமை தூக்கினால் கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்தும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்தச் சூலூர்த் தளம் அம்மிச்சியின் கழுத்துக்குள்ளேயும் இருந்திருக்கிறது.

"உங்க ஊர்ப் பொம்பளைகளும் கல் சுமந்தார்களா?" என்று பெரியவரைக் கேட்டேன். "எங்காத்தா சுமந்தா தாயி. கல்லு சுமந்த கூலியில ஒரு பித்தளைக் குடம் வாங்குனா. குடம் வீட்டுல கெடக்கு, ஆத்தா இல்ல" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கேயோ சூலூர், எங்கேயோ கயத்தாறு. இரண்டு ஊர்க் கிழவிகளுக்கும் ஒரே கதை.

மகள் ஒரு கேள்வி கேட்டாள். "இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை அப்படியே விட்டுட்டு எப்படிம்மா போனாங்க?" நான் பதில் யோசிப்பதற்குள் இவர் சொன்னார்: "தேவை முடிஞ்சா போயிருவாங்க சாமி. நம்ம பட்டறை இப்ப எப்படிக் கிடக்குது, பார்த்திருக்கியா?"

அது எங்கள் வீட்டில் அதிகம் பேசாத விஷயம். 2011 ஜனவரி 28-ம் தேதி, சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யல் ஆறு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த யாரும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வாரத்தில் ஊர் அடங்கிப் போனதே! கழிவுநீரைச் சுத்தப்படுத்த வசதி செய்தவர்கள் பிற்பாடு திறந்தார்கள். இவர் வேலை பார்த்த சின்னப் பட்டறை திறக்கவேயில்லை. இவர் பவர்டேபிள் யூனிட்டில் கணக்கெழுதப் போனார். நான் வீட்டிலேயே பீஸ் வாங்கி வந்து பிசிறு வெட்டினேன். பதினான்கு வருஷமாக அந்தத் தெருப் பக்கமே இவர் வண்டியைத் திருப்பியதில்லை. அன்றைக்கு அந்த வெட்டவெளியில், மகள் கேட்ட ஒரு கேள்விக்கு, பட்டறை எத்தனை மணிக்குத் திறக்கும், யார் யார் கூட வேலை செய்தார்கள், சாயம் சேருகிற பதத்தை எப்படிப் பார்ப்பது என்று நின்றுகொண்டே சொன்னார். "சிவப்பு பிடிக்கறதுதான் கஷ்டம்" என்றபோது அவர் முகத்தில் நான் பல வருஷமாகப் பார்க்காத ஒரு மலர்ச்சி. அரை மணி ஒரு மணியாயிற்று. கோயிலுக்கு நேரமாவதை அவரே மறந்துவிட்டார்.

பாழடைந்த இடத்துக்குக் குழந்தைகளை எதற்குக் கூட்டிப்போவது என்று சிலர் கேட்கலாம். இதற்குத்தான். நல்ல நிலையில் இருக்கிற இடம் அதன் பெருமையை அதுவே சொல்லிக்கொள்கிறது. சோழவரத்து ஓடுதளத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு பல வருஷம் கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தன. அதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. கயத்தாறு, உளுந்தூர்பேட்டை மாதிரிக் கிடக்கிற இடங்களுக்குப் பேச ஆள் கிடையாது. அங்கே போனால் நாம்தான் பேசியாக வேண்டும். பேச ஆரம்பித்தால் வீட்டில் மூடி வைத்திருந்ததும் சேர்ந்து வெளியே வருகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இவை பெரும்பாலும் சர்க்கார் இடங்கள். வேலியோ எச்சரிக்கைப் பலகையோ இருந்தால் தாண்டக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். காலை பத்து மணிக்குள், இல்லையேல் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். ஓடுதளத்தில் நிழல் என்பதே கிடையாது. குழந்தைகளுக்குத் தொப்பி, தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர் அவசியம். செருப்பு போதாது, ஷூ போடுங்கள். நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். துருப்பிடித்த கம்பி கீறிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரைக் கேளுங்கள். புதரிலும் கல் இடுக்கிலும் கை விட வேண்டாம். பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஆளை நடக்க விடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். யுத்த காலத்து இடமாகையால், மண்ணில் புதைந்த இரும்பு உருண்டை, குழாய் மாதிரி எது கண்ணில் பட்டாலும் தொடாமல் விலகி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள். ஞாபகார்த்தமாகக் கல்லைப் பெயர்த்து எடுத்து வருவதும் வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று, இது வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியது. யுத்த காலத்தில் கல் சுமந்த தலைமுறை அநேகமாகப் போய்விட்டது. ஆனால் அவர்களிடம் நேரில் கேட்டவர்கள் - நம் அம்மா, அத்தை, பெரியம்மா - இன்னும் இருக்கிறார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து டி.வி. பார்க்கும் நேரத்தில் ஒரு நாள் அதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். உங்கள் அம்மா என்ன வேலைக்குப் போனார்? என்ன கூலி? எந்த ரோடு, எந்த அணை, எந்த மில்லுக்கு மண் சுமந்தார்? அந்தக் கூலியில் என்ன வாங்கினார்? கணக்கு நோட்டில் பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் பின்னால் நாலு பக்கம் விட்டு எழுதி வையுங்கள். பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்கள். ஓடுதளம் போட்ட என்ஜினீயர் பெயர் எங்காவது ஒரு காகிதத்தில் இருக்கும். கூடை சுமந்தவள் பெயர் நம் வீட்டு நோட்டைத் தவிர வேறு எங்கேயும் இருக்கப்போவதில்லை.

எங்கள் வீட்டு நோட்டில் இப்போது பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. முதல் பக்கம் அம்மிச்சியுடையது. நாலாவது பக்கத்திலிருந்து இவர் கையெழுத்து, சாயப்பட்டறைக் கதை. சிவப்புச் சாயம் வரைக்கும் வந்திருக்கிறார். இன்னும் நீலம், பச்சை எல்லாம் பாக்கி இருக்கிறதாம்.